காலதர் இல்லா இல்லங்கள்

சாளரத்துக்குப் பழந்தமிழர் இட்டு வழங்கிய பெயர்களுள் காலதர் என்பது ஒன்று. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி காலதர். மானின் கண்போன்ற வடிவமைந்த காலதர்களையுடைய மாளிகைகளைப் புகார் நகரத்து வீதிகளில் இளங்கோவடிகள் நமக்குக் காட்டுவார். பலகணி என்றும் அதற்கொரு பெயர் உண்டு. இத்தனை பெயர்களையும் நிகண்டுகளில் உறங்கவிட்டுவிட்டு, போர்த்துக்கேயரிடம் கடன்பெற்ற யன்னல் என்னும் சொல்லையே நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். அதனைக் குறைகூற யான் இங்கு வரவில்லை. பெயர் எதுவாயினும் காற்று வந்தாற் போதும். மலைநாட்டில் எவர் வீட்டுக்குக் காற்று வந்தது, எவர் வீட்டுக்கு வரவில்லை என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

பழைய கட்டடங்களைக் காக்கவேண்டும் என்னும் பேச்சு இப்போது மலைநாட்டிலும் கேட்கின்றது. நல்ல பேச்சுத்தான். நுவரெலியாவில் 1894 ஆம் ஆண்டு கட்டப்பெற்ற தபாற் கந்தோரை அறியாதார் இலர். செங்கற் சுவரும் மணிக்கூட்டுக் கோபுரமும் வாய்ந்த அக்கட்டடத்தை உல்லாச விடுதிக்காகக் கையளிக்கும் யோசனை எழுந்தபோது, 2023 நவம்பரில் தபால் ஊழியர் வேலைநிறுத்தமே செய்தனர். கோபுரத்தைக் காக்க இவ்வாறு ஆட்கள் திரள்வர். யன்னலைக் காக்கத் திரள்வாரைக் காணோம். நகரத்துப் பழைய வீடுகளில், சுவரும் கூரையும் இருந்தபடியே இருக்க, மரத்தாலான யன்னல்களும் கதவுகளும் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, அவ்விடங்களில் அலுமினியச் சட்டங்கள் ஏறுகின்றன. ஒரு முதியவரின் முகத்தில் ஏனையவற்றை எல்லாம் விட்டுவிட்டுக் கண்களை மட்டும் மாற்றி வைத்தாற்போல அவ்வீடுகள் காட்சியளிக்கின்றன.

அழகு கருதி மட்டும் யான் இதனைக் கூறவில்லை. வெள்ளையர் காலத்துத் தச்சர் செய்த யன்னல் அறிவோடு செய்யப்பட்ட பொருள். சில வீடுகளில் மேலும் கீழுமாக ஏறியிறங்கும் இரட்டைச் சட்டங்கள் உள்ளன. நிலையின் பக்கத்தே மறைவான பெட்டியொன்றில் இரும்புக் குண்டு தொங்கும். அதிற் பூட்டிய கயிறு கப்பியின்மேல் ஓடும். கண்ணாடிச் சட்டத்தின் பாரத்தைக் குண்டு தாங்குவதால், ஒரு சிறுமிகூட அதனை ஒரு கையால் உயர்த்தலாம். உயர்த்திய இடத்தில் அது நிற்கும். இதனைப் பயனற்றதென்று தூக்கியெறிவதற்குக் காரணம் பெரும்பாலும் கீழ்ச்சட்டம் உளுத்திருப்பதே. மழைநீர் தங்குமிடம் அதுவாதலின் முதலில் உளுப்பதும் அதுவே. உளுத்த பகுதியை அறுத்து நீக்கி, அதே இனத்து மரத்தைப் பொருத்தி, சீமைச் சுண்ணாம்புத் தூளை ஆளிவிதை எண்ணெயிற் பிசைந்த பசையாற் கண்ணாடியை மீளப் பதித்து, கயிற்றையும் மாற்றினால், அது இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். அலுமினியமோ வெப்பத்தை விரைந்து கடத்தும் உலோகம். மலைநாட்டுக் குளிரிரவில் அச்சட்டத்தின் உட்புறத்தே நீர் முத்துமுத்தாகத் துளிர்த்து வழிவதை அதனை மாட்டியவர்களே கண்டிருப்பர். மரத்துக்கு ஆண்டுதோறும் வர்ணம் பூசும் செலவு உண்டென்பர். உண்டுதான். பழைய வீட்டில் வாழ்வோர் அச்செலவைத் தாங்கவேண்டியவரே.

ஆயினும், எது பழமை, எது காக்கத்தக்கது என்னும் வினா இங்கே எழுகின்றது. நம் நாட்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்ட கட்டடங்களையே அது இயல்பாகப் பழஞ்சின்னம் எனக் கொள்ளும். கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. பிற்பட்டவற்றைக் காக்கவேண்டுமாயின் தனியே பிரகடனஞ் செய்தல் வேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களோ முற்றும் அந்நாளுக்குப் பிற்பட்டவை. கோப்பி வந்ததும் பின்னர். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 1867 இல் தேயிலை நட்டது அதற்கும் பின்னர். ஆகவே இங்கே எதுவும் தானாகக் காக்கப்படுவதில்லை. எவரேனும் தேர்ந்தெடுத்தாற்றான் காக்கப்படும். தேர்ந்தெடுப்போர் கண்ணில் எவை பட்டன?

துரைமார் பங்களாக்கள் பட்டன. ஹற்றனுக்கப்பால் காசல்றி நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த தோட்டங்களில், 1888 இல் எழுந்த டின்சின் பங்களா முதலிய சில, 2005 முதலாக விருந்தினர் இல்லங்களாகியுள்ளன. அவற்றின் பழைய தோற்றமே விலைப்பொருளாதலின் யன்னல்கள் பேணப்படுகின்றன. தேயிலைத் தொழிற்சாலையும் பட்டது. கந்தப்பளையில் ஹெதர்செற் தோட்டத்துத் தொழிற்சாலை 1996 இல் விடுதியாக மாறியபோது, அதன் புறத்தோற்றத்தைச் சிதைக்காது விட்டனர். கொழுந்து வாட்டிய மாடிகளே விருந்தினர் உறங்கும் அறைகளாயின. இரண்டையும் யான் பாராட்டுகின்றேன்.

அத்தொழிற்சாலை மாடிகளைப் பற்றிச் சிறிது நின்று எண்ணவேண்டும். பறித்த கொழுந்தை உடனே அரைத்தல் ஆகாது. அதன் ஈரம் ஒருபகுதி நீங்கித் தளரும்வரை பன்னிரண்டு மணி முதல் பதினெட்டு மணி நேரம் வரை அதனைக் காற்றில் விரித்து வைத்தல் வேண்டும். இதன்பொருட்டே பழைய தொழிற்சாலைகளின் மேல்மாடிகளில், நாற்புறமும் இடைவெளியின்றி, வரிசை வரிசையாக யன்னல்கள் அமைத்தனர். காற்று எத்திசையிலிருந்து வீசினும் கொழுந்தைத் தொடவேண்டும். ஈரம் மிகுந்த நாளில் இப்புறம் அடைத்து அப்புறம் திறக்கவேண்டும். மலைச்சரிவில் தொலைவிலிருந்தே தொழிற்சாலையை இனங்காட்டுவது அந்த யன்னல் வரிசைதான். காற்றின் பயனை அக்காலத்துத் தோட்டத் துரைமார் அறியாதவரல்லர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி, அக்கொழுந்தைப் பறித்தவள் மாலையில் எங்கே சென்றாள் என்று பார்ப்போம். லயத்துக்குச் சென்றாள். லயம் என்பதும் ஆங்கிலத்து 'லைன்' என்பதன் திரிபே. இசைநூலார் லயம் என்றால் மனம் ஒன்றும். இந்த லயத்திலோ அதற்கு இடமில்லை. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுமான காம்பரா, முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, ஒரே கதவு. பல லயங்களில் இரண்டு வரிசைக் காம்பராக்களை முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டினர். அத்தகைய காம்பராவில் பின்சுவருக்கு அப்பால் வேறொரு குடும்பம். இடச்சுவருக்கு அப்பால் ஒன்று. வலச்சுவருக்கு அப்பால் இன்னொன்று. யன்னல் வைக்க மனமிருந்தாலும் அதனை வைப்பதற்குச் சுவரே இல்லை. கதவு ஒன்றுதான் காலதர், அதுவே வாயில், அதுவே அடுப்புப் புகை வெளியேறும் வழி. லயத்தில் தீப்பிடித்தது என்னும் செய்தியை நாளேடுகளில் அடிக்கடி படிக்கின்றோமே, அப்போது தப்பியோடும் வழியும் அதுவேதான்.

மலைநாடு குளிர்நாடு, யன்னல் வைத்தால் ஏழைகள் குளிரில் வாடுவர் என்று ஒரு சாரார் கூறக் கேட்டிருக்கின்றேன். நெடுநல்வாடை பயிலும் மாணவன்கூட இதற்கு விடை கூறுவான். கூதிர்க் காலத்தில் தென்றலுக்கென அமைந்த சாளரம் திறக்கப்படாமலும், இரட்டைக் கதவு தாழிடப்பட்டும் இருந்தமையை நக்கீரர் கூறுகின்றார். மூடிவைப்பதற்கு முதலில் ஒரு சாளரம் இருத்தல் வேண்டுமன்றோ? குளிர்காலத்தில் அடைக்கவும் வேனிலில் திறக்கவும் இயல்வதே யன்னலின் இலக்கணம். அதே குளிரில்தான் பங்களாவும் நின்றது. அங்கே யன்னலைக் குறைக்காமல், கணப்பைக் கூட்டிக்கொண்டனர்.

இப்போது வேறொரு வாதமும் தலைகாட்டுகின்றது. லயமும் வரலாற்றுச் சின்னமே. அதனை மாற்றாது காக்கவேண்டும் என்பது அது. மக்கள் வந்து இருநூறாண்டு நிறைந்ததை நினைந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோமே, அந்த நினைவுக்கு ஓர் உறைவிடம் வேண்டாமா என்று கேட்கின்றனர். வேண்டும். கம்பளைக்கு அண்மையில் பழைய லயமொன்றிலேயே 2007 இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றை அமைத்துள்ளனர். மாணவரை அழைத்துச் சென்று காட்டவேண்டிய இடம். அங்கே அந்த இருட்டு இருந்தபடியே இருக்கட்டும். காண்பவன் கால்மணி நேரம் நின்று மூச்சுத் திணறி வெளியே வரட்டும். ஆனால் அங்கே எவரும் இரவு உறங்குவதில்லை. உறங்குவோர் உள்ள லயத்தைச் சின்னம் என்று சொல்லிச் சுவரைத் தொடாதே என்பது எவ்வகை நியாயம்? பங்களாவின் யன்னலைக் காக்கச் சொல்லும் யானே லயத்தின் சுவரை உடைக்கவும் சொல்கின்றேன். இதனை முரண் என்பாரும் உளர். அங்கே காப்பது ஒரு கைவினையை. இங்கே காக்கச் சொல்வது ஒரு குறைபாட்டை. இரண்டுக்கும் ஒரே விதியை எங்ஙனம் விதிப்பது?

என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் வீட்டில் நிகழ்ந்ததை இங்குக் கூறுவது பொருந்தும். தோட்டத்தின் பெயர் வேண்டா. அவர்களுடையது ஒற்றை வரிசை லயம்; பின்சுவருக்கு அப்பால் கானும் தேயிலைச் செடிகளுமே உள்ளன. நகரத்துப் பழைய வீடொன்றில் அலுமினியம் மாட்டியபோது கழற்றிப்போட்ட மரயன்னல் ஒன்றை அவள் தந்தையார் பழைய மரக்கடையில் மலிவாக வாங்கி வந்தார். பிணைச்சல்களைத் தேய்த்து எண்ணெய் விட்டு, உடைந்த இரு கண்ணாடிகளை மாற்றி, பின்சுவரை அளந்து உடைத்து அதனைப் பொருத்தினார். மூன்றாம் நாள் தோட்டக் கந்தோரிலிருந்து ஆள் வந்தது. அனுமதியின்றி லயத்தின் அமைப்பை மாற்றியது குற்றம். சுவரைப் பழையபடி அடைக்கவேண்டும் என்பது கட்டளை. அவர் என்னிடம் வந்து, "அடுப்புப் புகை போக ஒரு வழி வேணுமுங்க வாத்தியாரய்யா, வேற ஒண்ணுக்கும் இல்லீங்க" என்றார். மனு எழுதிக் கொடுத்தேன், உடனும் சென்றேன். சிறிது வாதத்துக்குப்பின், இருக்கட்டும், பார்த்துக்கொள்வோம் என்று வாய்ச்சொல்லாகக் கூறினர். எழுத்தில் தர மறுத்துவிட்டனர்.

இதனை ஓர் உத்தியோகத்தரின் கடுமை என்று தள்ளிவிடுவதற்கில்லை. தோட்டங்கள் 1970 களில் அரசுடைமையாகி, 1992 இல் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. லயத்தில் வாழ்பவர் மட்டும் எக்காலத்தும் அதன் உரிமையாளர் ஆகவில்லை. நான்கு தலைமுறையாக ஒரு காம்பராவில் வாழ்ந்தவரும் அதன் சுவரில் ஓர் ஆணி அறையப் பிறர் முகத்தைப் பார்க்கவேண்டும். தனிவீட்டுத் திட்டங்கள் நடைபெறுகின்றன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்துச் சென்றார். கட்டி முடிந்த வீடுகளில் யன்னல்கள் உண்டு, மகிழ்ச்சியே. அவ்வீடுகள் எல்லோருக்கும் கிடைக்கும் நாள்வரை லயத்திலிருப்போர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க இயலாது.

ஆதலால் யான் கேட்பது சிறிய ஒன்றே. வெளியே திறந்த நிலத்தை நோக்கிய சுவரில், கூரையின் பாரத்துக்கு ஊறுநேராத அளவில், அங்கு வாழ்பவர் தம் செலவில் யன்னல் வைத்துக்கொள்ளலாம் என்று கம்பனிகளும் அரசும் எழுத்தில் அறிவிக்கவேண்டும். வைத்த யன்னலுக்காக எவரையும் கந்தோருக்கு அழைக்கலாகாது. முதுகோடு முதுகாய் ஒட்டிய லயங்களுக்கு இது பயன்படாது. தனிவீட்டுப் பட்டியலில் அவற்றில் வாழ்வோரின் பெயர்களையே முதலில் எழுதுதல் வேண்டும். வாய்ச்சொல் போதும் என்று என்னிடம் கூறியவர் அடுத்த மாதமே வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிச் சென்றுவிட்டார். புதிதாக வந்தவருக்கு அந்தத் தந்தையாரும் யானும் மீண்டும் ஒரு மனு எழுதியிருக்கின்றோம்.