குருதிச் சுற்றோட்டம்: விடை இருக்கிறது, வாதம் எங்கே?

இந்திய வகுப்பறைகளில் குருதிச் சுற்றோட்டம் ஒரு வழித்தடமாகவே கற்பிக்கப்படுகிறது. வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல், இடது ஏட்ரியம், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி என மாணவர் ஒப்பிக்கிறார். நீலமும் சிவப்புமாகப் படம் வரைகிறார். நுழைவுத்தேர்வில் சரியான விடையைக் குறிக்கிறார். குருதி சுற்றித்தான் வருகிறது என்பதற்கு என்ன சான்று என்று கேட்டால், பாடநூலையே சான்றாகக் காட்டுகிறார். குறை மாணவருடையதன்று, வாதத்தை நீக்கிவிட்டு விடையை மட்டும் வைத்துக்கொண்ட பாடத்திட்டத்தினுடையது.

சுற்றோட்டம் கண்ணால் கண்ட காட்சியன்று. கணக்கிட்டு அடைந்த முடிவு. உணவிலிருந்து கல்லீரல் குருதியை ஆக்குகிறது, உறுப்புகள் அதை உட்கொண்டு தீர்க்கின்றன என்றார் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கேலன். அக்கருத்து ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கோலோச்சியது. 1628இல் வில்லியம் ஹார்வி ஓர் எளிய பெருக்கலை முன்வைத்தார். துடிப்புக்கு அரை அவுன்சு, அரைமணிக்கு 1,000 துடிப்பு என்று குறைத்தே மதிப்பிட்டாலும், இதயம் வெளியேற்றுவது 500 அவுன்சு. அதாவது சுமார் 14 கிலோ. உடலின் மொத்தக் குருதியோ ஏறத்தாழ 5 லிட்டர்தான். எந்த உணவும் அரைமணியில் இவ்வளவு குருதியை ஆக்க இயலாது. எனவே, சென்ற குருதியே திரும்பி வருகிறது.

திரும்பும் திசைக்கும் அவர் சான்று காட்டினார். மேற்கையில் துணியை இறுக்கிக் கட்டினால் முன்கைச் சிரைகள் புடைக்கும். ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, மறுவிரலால் அங்கிருந்து மேல்நோக்கி நீவினால் அப்பகுதி வெறுமையாகும். மேலிருந்து குருதி இறங்காது, வால்வு தடுக்கும். அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பும். இதற்கு ஆய்வகமும் வேண்டா, நிதியும் வேண்டா. பாடத்தை முடிக்க நேரமில்லை என்னும் வழக்கமான சமாதானமும் இங்கே செல்லாது. பத்து நிமிடம் போதும்.

வாதம் வெளியேறிய இடத்தில் வெற்றுப் பெருமிதம் வந்து அமர்கிறது. பழஞ்சுவடியின் ஒரு வரியைக் காட்டி, இவையனைத்தும் முன்னோர் அறிந்தவையே என்று ஒருவர் முழங்கும்போது, வழித்தடத்தை மட்டும் மனனம் செய்த மாணவருக்கு மறுமொழி இல்லை. எவ்வளவு குருதி, எத்திசையில், எவ்வழியே திரும்புகிறது, அதை எவ்வாறு சரிபார்ப்பது என்னும் கேள்விகள் அவரிடம் இல்லை.

அதே கேள்விகள் ஐரோப்பாவின் தனிமேதைக் கதையையும் சும்மா விடுவதில்லை. வெண்ட்ரிக்கிள்களுக்கு இடையிலான சுவரில் கேலன் கூறிய நுண்துளைகள் இல்லை, குருதி நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்று 1242இல் எழுதியவர் இப்னு அல் நஃபீஸ். உடல் முழுவதற்குமான சுற்றை அவர் நிறுவவில்லை. நுரையீரல் வழியைக் காரணம் காட்டிச் சொன்னார். அவருக்குரிய இடம் அக்காரணத்தால் கிடைப்பது. அவரது மதத்தாலோ நாட்டாலோ அன்று.

ஹார்வியின் வாதத்திலும் ஓர் இடைவெளி இருந்தது. தமனியிலிருந்து சிரைக்குக் குருதி செல்லும் வழியை அவர் காணவில்லை; 1657இல் மறைந்தார். 1661இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளை நுண்ணோக்கி வழியே கண்டார். கணக்கு முன்னே சென்றது. கண் பின்னே வந்தது.

அறிவியல் கல்வி என்பது இந்த வரிசையைக் கற்பிப்பதே. வழித்தடத்தைக் கேட்கும் வினாத்தாள் ஒருமுறையேனும் காரணத்தைக் கேட்கட்டும்.