ஈரம் டிரையருக்கு எப்படித் தெரியும்?



அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு வரும் நம் வயதுக்காரர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று. "டிரையரை ஆட்டோவில் போட்டால் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது, துணி ஈரமாகவே இருக்கிறது." சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால், "போர்டு போயிருக்கும், அந்தச் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம்" என்கிறார். என் மகள் வீட்டிலும் இதே தீர்ப்புதான் வந்தது. நாடி பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது போன்றது இது. நான் ஏற்கவில்லை.

முதலில் ஆட்டோவை விட்டுவிட்டு, நேரம் குறித்து ஓட்டும் முறையில் போடுங்கள். துணி நன்றாகக் காய்கிறதா? அப்படியானால் மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் ஒன்றுமில்லை. ஈரத்தைக் கண்டுபிடிக்கும் இடத்தில்தான் கோளாறு.

அது எங்கே இருக்கிறது? டிரம்முக்குள் எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பஞ்சுத்தூசு பில்டருக்குப் பக்கத்தில், சிலவற்றில் பின்சுவரில், விரல் நீளத்தில் இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். சென்சார் என்று பெரிய பெயர் வைத்திருப்பது இதற்குத்தான். எட்டாம் வகுப்பில் உப்புத் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு, பல்பு எரிகிறதா என்று பார்த்தோமே, அதே பாடம். ஈரத்துணி இரண்டு பட்டைகளையும் சேர்த்துத் தொட்டால் கொஞ்சம் மின்சாரம் கடக்கும். காய்ந்த துணி தொட்டால் கடக்காது. கடப்பது நின்றால் "காய்ந்துவிட்டது" என்று இயந்திரம் முடிவு கட்டுகிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது வாசனைக்காகவும் மென்மைக்காகவும் துணியோடு போடுகிறார்களே, டிரையர் ஷீட், அதிலிருக்கும் மெழுகு போன்ற பொருள் நாளடைவில் அந்தப் பட்டைகளின் மேல் படிகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மின்சாரத்தைத் தடுக்கும். சொட்டச் சொட்ட நனைந்த துணி தொட்டாலும் இயந்திரத்துக்கு அது காய்ந்த துணிதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பஞ்சில் ரப்பிங் ஆல்கஹால் தொட்டு அழுத்தித் துடையுங்கள். அது எளிதில் தீப்பற்றும் பொருள், நன்றாக ஆறிய பிறகே ஓட்ட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பின்பக்க மூடியைக் கழற்றும் வேலையும் நமக்கு வேண்டாம். அந்த ஊரில் சாதாரண பிளக்கில் 120 வோல்ட்தான், மின்சார டிரையருக்கு வருவது 240.

இரண்டே சட்டையைப் போட்டாலும் இதே தொல்லை வரும், துணி பட்டையில் சரியாகப் படாது. கூட இரண்டு ஈரத் துண்டுகளைப் போட்டால் போதும். கனமான போர்வையோ வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். அதற்கு ஆட்டோவே வேண்டாம்.

பழைய திருகு வகை டிரையர்கள் பலவற்றில் பட்டையே கிடையாது. வெளியேறும் காற்றின் சூட்டை வைத்துத்தான் கணக்கு. சூடு ஓர் அளவை எட்டி ஹீட்டர் அணையும்போது மட்டுமே டைமர் நகரும். ஹீட்டர் அறுந்திருந்தால் சூடே ஏறாது, டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும், திருகு நின்ற இடத்தில் நிற்கும். பார்க்கிறவர் டைமர் கெட்டது என்று டைமரை மாற்றுவார். புது டைமரும் நகராது!

இவ்வளவையும் கையேட்டின் முதல் பக்கத்தில் படம் போட்டு ஏன் சொல்லக்கூடாது? பொத்தான்களின் பெயர்களுக்கே பாதிப் புத்தகம் செலவாகிறது. துடைக்கச் சொல்லும் ஒரு வரி எங்கோ கடைசியில் கிடக்கிறது.

நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதுதான் இதைவிடப் பயப்பட வேண்டிய கோளாறு. பெரும்பாலும் வெளியே போகும் குழாயில் பஞ்சுத்தூசு அடைத்திருக்கும். ஈரக்காற்றுக்குப் போக வழியில்லை, துணி காய்வதில்லை, சூடு மட்டும் உள்ளேயே நிற்கிறது. 2008 முதல் 2010 வரையிலான கணக்கை வைத்து, ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டு டிரையர் தீ விபத்துகள் என்றது அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம். முதல் காரணமாக அது சொன்னது, சுத்தம் செய்யாமல் விட்டதை.

டிரையர் ஓடும்போது வீட்டின் வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்துக்குப் போய்க் கையை நீட்டிப் பாருங்கள். சூடான காற்று வேகமாக அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு, குழாயைச் சுத்தம் செய்ய ஆளைக் கூப்பிடுங்கள். அதுவரை துணியைக் கொடியில் போடுங்கள்.