தேய்க்கத் தேய்க்க மங்கும்

காலை ஐந்தரை மணிக்குச் சென்னையில் எந்த அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நுழைந்தாலும் இதைப் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு பழைய பனியன் துணி, வரிசையாகப் பதினைந்து கார்கள். முதல் காரில் துணி படும்போது வாளித் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஐந்தாவது காருக்குப் போகும்போது கேழ்வரகுக் கூழின் நிறம் வந்துவிடும். பத்தாவது காருக்கு அந்தக் கூழைத்தான் பூசுகிறார்கள். ஏழு மணிக்கு இறங்கி வரும் உரிமையாளர் ஈரம் மினுங்கும் பானெட்டைப் பார்த்துப் பூரித்துப் போகிறார். ‘தினமும் துடைக்கிறதாலதான் பெயின்ட் மங்காம இருக்கு’ என்று அண்டை அயலாருக்கும் சொல்கிறார்.

இது பொய். மாதாமாதம் சம்பளம் கொடுத்து, ஆள் வைத்து, நம் காரின் நிறத்தை நாமே அழித்துக்கொண்டிருக்கிறோம். வெயில் தொடங்கிவைப்பதை நம் துணி முடித்துவைக்கிறது.

தேய்த்தால் பளபளக்கும் என்ற எண்ணம் நமக்குப் பாட்டி வீட்டிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள், தங்கமாக ஜொலிக்கும். பித்தளைக்கு மேலும் பித்தளை, உள்ளும் பித்தளை. நூறு வருடம் தேய்த்தாலும் அடியில் வேறு எதுவும் வந்துவிடாது. பழைய அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தியது. அந்தக் கார்களில் நிறம்தான் மேல் பூச்சு. பாலிஷ் போட்டால் துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். வெயிலில் வெளுத்த மேல்தோல் போய், அடியிலிருக்கும் புது நிறம் தெரியும். கார் கண்முன்னே இளமை திரும்பியது போல இருக்கும். பெயின்டர்கள் இன்றும் வாய் நிறையச் சொல்லும் ‘டூக்கோ’ அந்தக் காலத்தின் மிச்சம். 1920களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் விற்ற சீக்கிரம் உலரும் லேக்கர் பெயின்டின் பெயர் அது. பெயின்ட் எப்போதோ மாறிவிட்டது, பெயர் மட்டும் நம் பட்டறைகளில் தங்கிவிட்டது. பெயரோடு பழக்கமும் தங்கிவிட்டதுதான் தொல்லை.

இன்றைய காரில் நிறம் மேலே இல்லை. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு முழுக்க இந்தக் கடைசிப் படலத்துடையது. வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொள்ளும் வேதிப்பொருள்கள் கலந்திருப்பதும் இதில்தான். இதன் தடிமன் சுமார் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரான் இருக்கும். ஒரு முடியைவிட மெல்லிய அந்தப் படலம் இருக்கும்வரைதான் அடியிலுள்ள நிறத்துக்கு ஆயுள்.

ஆகவே காருக்கு உவமை குத்துவிளக்கு அல்ல, ஈயம் பூசிய பாத்திரம். ரசம் வைக்கும் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தை எந்தப் பாட்டியாவது செங்கல் பொடி போட்டுத் தேய்த்திருப்பாரா? தேய்த்தால் ஈயம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஈயம் போனால் ‘ஈயம் பூசலையோ’ என்று தெருவில் குரல் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த விவரம் காரை வாங்கும்போது நம்மைவிட்டு எங்கே போயிற்று?

‘அழுக்கு சேர்ந்தால் நிறம் மங்காதா?’ என்பார்கள். ஏழெட்டு வருடம் வெயிலில் நின்ற ஒரு காரைச் சுற்றி வந்து பாருங்கள். சேறும் சகதியும் அடிப்பது கதவுகளின் கீழ்ப்பகுதியில். வெளுத்திருப்பதோ ரூஃபும் பானெட்டும் டிக்கியின் மேற்புறமும். அழுக்குதான் நிறத்தைத் தின்கிறது என்றால் கதவின் கீழ்ப்பகுதி அல்லவா முதலில் வெளுத்திருக்க வேண்டும்? சூரியன் உச்சிக்கு வரும் ஊர் நம்முடையது. உலகச் சுகாதார நிறுவனம் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொட்டாலே ‘அதீதம்’ என்கிறது. சித்திரை மாதத்துச் சென்னை நண்பகலுக்கு அது சாதாரணம். நிறம் மங்குவதற்கு மூல காரணம் அதுதான். இன்னும் சந்தேகமா? பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உட்புற ஓரத்து நிறத்தை ரூஃபின் நிறத்தோடு ஒப்பிடுங்கள். வெயில் தின்றது எவ்வளவு என்று தெரிந்துவிடும். சிவப்புக் கார்க்காரர்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு திறக்கவும்.

இதில் துணி எங்கே வருகிறது? நம் தெருத் தூசியில் மணல் இருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸுக்குக் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. ஜன்னல் கண்ணாடிக்கு ஐந்தரை. கண்ணாடியையே கீறும் துகள், பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த கிளியர் கோட்டை விட்டுவைக்குமா? சும்மா படிந்திருக்கும் தூசி ஒன்றும் செய்யாது. அதன்மேல் துணியை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, வட்டம் வட்டமாகச் சுற்றும்போது அது உப்புத்தாளாகிறது. பகலில் தெரியாது. இரவு பார்க்கிங்குக்குப் போய் செல்போன் டார்ச்சை பானெட்டின் மேல் பிடியுங்கள். வெளிச்சப் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல ஆயிரம் மெல்லிய கோடுகள் தெரியும். கறுப்புக் காராக இருந்தால் டார்ச்சே வேண்டாம், தெருவிளக்கு போதும். காலை ஐந்தரை மணிச் சேவையின் வருகைப் பதிவேடு அது.

அந்தக் கீறல்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் நிறம் மங்கியதுபோலத் தோன்றும். உண்மையில் நிறம் இன்னும் அடியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் உரிமையாளர் பதறிப்போய்ப் பாலிஷ் கடைக்கு ஓடுகிறார். கடையில் கம்பவுண்டைப் பூசி பஃபிங் மெஷினை ஓட்டுகிறார்கள். கீறலைப் போக்குவது என்றால் கீறலின் ஆழத்துக்குப் படலத்தையே சீவி எடுப்பது. வேறு மந்திரம் கிடையாது. ஒரு தடவைக்கு நாலு மைக்ரான் போகிறது என்றே வையுங்கள். வருடத்துக்கு ஒரு பாலிஷ் என்றால் ஐந்து வருடத்தில் இருபது மைக்ரான், ஏறத்தாழப் பாதிப் படலம் காலி. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். துடைப்பதால் கீறல், கீறலுக்காகப் பாலிஷ், பாலிஷால் தேய்மானம், தேய்ந்த இடத்தில் வெயில். மங்கக் கூடாது என்று செய்த ஒவ்வொன்றும் மங்குவதற்கான வழியில் ஒரு படி.

நானும் இந்தப் படிகளில் இறங்கியவன்தான். என் சிவப்புக் காருக்கு ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பாலிஷ் போட்டேன். ஏழாவது வருடம் ரூஃபின் நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. மூன்றே மாதத்தில் பாம்புச் சட்டை போல ஓரம் ஓரமாக உரிந்தது. பாலிஷ்காரரிடம் கொண்டுபோனேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ‘இதுக்கு மேல தேய்க்க ஒண்ணும் இல்ல சார், ரூஃப் முழுக்க அடிக்கணும்’ என்றார். ஏழு வருடமும் என்னிடம் காசு வாங்கித் தேய்த்தவர் அவரேதான். அவர்மேல் கோபமில்லை, வருடாவருடம் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவன் நான்.

நிறம் மங்கிவிடுமோ என்ற நம் பயத்தை வைத்துப் பிழைப்பவர்கள் பலர். ‘டெஃப்லான் கோட்டிங்’ என்பார்கள். தோசைக்கல்லில் டெஃப்லானைப் பிடிக்க வைக்க 300 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூடேற்ற வேண்டும். உங்கள் காரை அந்தச் சூட்டில் வைத்தால் பெயின்ட் மட்டுமா போகும்? ‘செராமிக், 9எச் கடினம்’ என்பார்கள். கேட்டால் வைரத்துக்குத் தங்கச்சி போலிருக்கும். அந்த 9எச் பென்சிலின் அளவுகோல். பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த எச்.பி. பென்சிலின் அண்ணன், அவ்வளவுதான். செராமிக்கால் தண்ணீர் வழுக்கி ஓடும், கழுவுவது சுலபமாகும். அதைச் சொல்லி விற்றால் நியாயம். கீறலே விழாது, இனி வெயிலே ஏறாது என்று சொல்லி விற்பது ஏமாற்று. டீசலில் நனைத்த துணியால் துடைத்து மினுமினுக்க வைக்கும் டிரைவர் வித்தை இன்னொன்று. பத்து நிமிட எண்ணெய்ப் பளபளப்புக்காக அடுத்த பத்து கிலோமீட்டர் தூசியைக் கூப்பிட்டு ஒட்டவைப்பது அது. கவர் போட்டுவிட்டால் கவலையில்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அழுக்குக் காரின் மேல் போர்த்திய கவர் கடற்கரைக் காற்றில் படபடக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பனியன் துணியின் வேலையைத்தான் செய்கிறது.

அப்படியானால் காரைத் தொடவே கூடாதா? தொட வேண்டிய நேரம் உண்டு. காக்கை எச்சம் விழுந்தால் அன்றைக்கே எடுக்க வேண்டும். சூட்டில் இளகிய படலத்தின் மேல் அது காய்ந்து இறுகினால் தழும்பு நிற்கும். அப்போதும் நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து ஒற்றி எடுக்க வேண்டும். மற்றபடி வாரம் ஒரு முறை போதும். முதலில் தண்ணீரை மட்டும் தாராளமாக ஊற்றி மணலை இறக்குங்கள். பிறகு கார் ஷாம்பூ. துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். ஷாம்பூவுக்கு ஒரு வாளி, அழுக்குத் துணியை அலச இன்னொரு வாளி. மைக்ரோஃபைபர் துணியால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல் துடையுங்கள். வெயிலில் கழுவாதீர்கள், போர் தண்ணீரின் உப்பு காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெல்லிசாக வேக்ஸ் பூசுங்கள். கம்பவுண்ட் படலத்தைச் சீவும். வேக்ஸ் அதன்மேல் இன்னொரு மெல்லிய போர்வை, தேய்ந்தால் அது தேய்ந்துவிட்டுப் போகட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், நிழல். வெயிலை முழுதாக ஜெயிக்க யாராலும் முடியாது, ஆனால் அலுவலகத்தில் பத்தடி தள்ளி நிழலில் நிறுத்தக் காசு கேட்க மாட்டார்கள்.

இவ்வளவும் புரிந்த பிறகு எங்கள் அபார்ட்மென்டில் துடைக்கும் பெரியவரிடம் போனேன். ‘அண்ணே, இனிமே என் வண்டியைத் தினமும் துடைக்க வேண்டாம். திங்கட்கிழமை மட்டும் தண்ணி ஊத்திக் கழுவுங்க’ என்றேன். அவர் முகம் சுருங்கியது. ‘சம்பளம் குறைப்பீங்களா சார்?’ இல்லை, அதே சம்பளம் என்றதும், ‘எனக்கும் தெரியும் சார், காஞ்ச தூசியைத் தேய்ச்சா கோடு விழும்னு. ஒரு நாள் துடைக்கலைன்னா செக்ரெட்டரிகிட்ட புகார் போயிடுது’ என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் கேட்கவில்லை. நமக்கு வேண்டியது பெயின்டின் ஆயுள் அல்ல, காலை ஏழு மணியின் பளபளப்பு. வாசலில் தூசியோடு கார் நின்றால் வீட்டு மானம் போகிறது.

போன சனிக்கிழமை மாடி வீட்டுக்காரர், ‘என்ன சார், ஆளை நிறுத்திட்டீங்களா?’ என்று அக்கறையோடு விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை காரின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தூசியில் யாரோ விரலால் எழுதியிருந்தார்கள்: ‘துடைக்கவும்’. நல்லவேளை, கண்ணாடியில்தான் எழுதியிருந்தார்கள். அப்படியே விட்டுவிட்டேன். திங்கட்கிழமை அண்ணன் வருவார், இரண்டு வாளியோடு.