கைகுலுக்கத் தெரியாதவர்க்கு வேலையில்லையா?

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நடப்போரின் காலடியில் மஞ்சள் நிற ஓடுகள் தட்டுப்படும். கோடும் புள்ளியுமாய்ப் புடைத்து நிற்கும் அவ்வோடுகள், பார்வையற்றோர் கோலால் தடவி வழியறிவதற்காகப் பதிக்கப்பட்டவை. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேயே நிலைகொண்டதால், அவ்வூர்க் கடைக்காரரும் வாடகைக்கார் ஓட்டுநரும் பார்வையற்றோரோடு பழகக் கற்றுக்கொண்டனர். பார்வையற்றோர் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்களைத் தேடிப் பிற ஊரார் வருவதும் உண்டு. ஓடுகளின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போவோர் இல்லாமலில்லை; ஆயினும் அது தவறு என்பதையேனும் ஊர் அறியும். கண்ணுக்குப் புலப்படும் குறைக்கு ஓடு பதிக்கத் தெரிந்த அதே ஊர், புலப்படாத வேறுபாட்டைக் கண்டதும் கதவைச் சாத்துவது ஏன்?

மூளை இயங்கும் முறை எல்லார்க்கும் ஒன்றன்று. ஆட்டிசம், கவனச்சிதறல், எழுத்துகள் இடம்மாறித் தடுமாறச் செய்யும் டிஸ்லெக்சியா ஆகியவற்றை நோய்ப்பட்டியலாக மட்டும் காணாமல், மனித இனத்தின் இயல்பான பலவகைமையாகக் காணவேண்டும் என்னும் கருத்து 1990களில் மேலைநாடுகளில் வலுப்பெற்றது. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998இல் தம் ஆய்வேட்டில் ஆண்ட சொல்லைத் தமிழில் நரம்பியல் பன்மை எனலாம். தமிழோ இவர்களுக்கு இட்ட பெயர்களால் இவர்களைச் சிறையிட்டது. மதியிறுக்கம் என்றது ஒரு சொல். புற உலகச் சிந்தனையற்றோர் என்றன தமிழக அரசின் ஏடுகள். புற உலகின் ஒவ்வோர் ஒலியும் ஒளியும் பிறரினும் பன்மடங்கு மிகுந்து தாக்குவதால் செவியைப் பொத்திக்கொள்ளும் ஒருவனைப் புற உலகச் சிந்தனையற்றவன் என்பது எத்துணைப் பெரிய முரண்! மலேசியச் சமூகநல இலாகா வழங்கும் அட்டையில் இவர்கள் கற்றல் குறைபாடுடையோர் என்னும் பகுப்பில் அடங்குவர். நாற்பது வயதுக் கணக்கரையும் அவ்வட்டை பள்ளிப் பிள்ளையாகவே வைத்திருக்கிறது.

சட்டம் இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் அவர்க்கு வேலைவாய்ப்பில் சமவுரிமை உண்டென எழுதிவைத்தது; அவ்வுரிமையை மறுக்கும் முதலாளிக்கு என்ன தண்டனை என்று மட்டும் எழுதாமல் விட்டது. பல்லில்லாச் சட்டம் யாரைக் கடிக்கும்? கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் 8ஆம் விதி சமயம், இனம், மரபு, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றால் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. அவ்வரிசையில் உடற்குறை இல்லை. வேலைச் சட்டத்தில் 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கத் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தந்தது. அவர் கட்டளையை மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம். ஆனால், பாகுபாடு என்பது யாது என அப்பிரிவு வரையறுக்கவில்லை. அரசுப் பணியில் நூற்றுக்கு ஒருவர் உடற்குறையுடையோராய் இருக்கவேண்டும் என்னும் கொள்கையும் உண்டு. அந்த ஒற்றை விழுக்காடு நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது.

சட்டத்தைக் குறைகூறிவிட்டுத் தமிழ் முதலாளி தப்பிவிடக் கூடாது. அவருடைய நேர்காணல் எத்தகையது? வருபவன் கண்ணோடு கண் நோக்குகிறானா, சிரிக்கிறானா, கேட்டவுடன் பதில் சொல்கிறானா என்பவையே அங்கு எடைபோடப்படுகின்றன. சரக்கறையில் பெட்டிகளை எண்ணி அடுக்குவதற்கு ஆள் எடுக்கையில் கண்ணோட்டமும் கலகலப்பும் எதற்கு? வள்ளுவர் தெரிந்துவினையாடல் எனத் தனி அதிகாரமே வகுத்தார். வினைக்கு உரியவனை ஆராய்ந்து தேர்வதே அதன் பொருள்; அவன் கைகுலுக்கும் அழகை ஆராய்வது அன்று. மேடைதோறும் குறள் முழங்கும் வணிகர், தம் கடை வாயிலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகின்றனர்.

இவ்விடத்தில் சிலர் இராமானுஜனை இழுத்துவந்து நிறுத்துவர். அவருக்கு இன்றைய மருத்துவப் பெயர் ஏதேனும் பொருந்துமா என்பது வீண் ஆராய்ச்சி. இறந்தாரைச் சோதிக்கக் கருவியில்லை. அவருடைய வரலாற்றில் கற்கவேண்டியது வேறு. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியின் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அத்தகையவரை 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக ஏற்றது சென்னைத் துறைமுகக் கழகம். அங்கு மேலாளராயிருந்த நாராயண ஐயர் அவரோடு அமர்ந்து கணக்குப் பார்த்தார்; தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துணைநின்றார். 1913 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இராமானுஜன் தம்மைத் துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்றே அறிமுகம் செய்துகொண்டார். மேதையைக் கண்டது கேம்பிரிட்ஜ் எனில், சோறிட்டு இடமளித்தது ஓர் அலுவலகம். எனினும் ‘இராமானுஜன் வந்தால் நாங்களும் வேலை தருவோம்’ என்பது இடந்தருவதாகாது. மற்ற வேலையாளிடம் யாரும் மேதைமை கேட்பதில்லை. ஒழுங்காக வந்து ஒழுங்காகச் செய்தால் போதும் என்கின்றனர். வேறுபட்டவன் மட்டும் வேலைபெற மேதையாக வேண்டுமாம்!

மேதைமை கேட்காதவர் இரக்கம் காட்டுகின்றனர்; அது இன்னும் கொடிது. ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாகிறது. நீலச்சட்டை, பலூன், அன்பளிப்புப் பொட்டலம், நாளிதழுக்குப் படம். படத்தில் நிற்கும் இளைஞனுக்கு மறுநாள் காலை போவதற்கு ஓரிடம் இருக்கிறதா என்று படமெடுத்தவர் கேட்டதில்லை.

“கடை நடத்துவது தருமத்துக்கா?” என்பார் முதலாளி. நல்ல கேள்வி, இலாபக் கணக்கிலேயே விடை தரலாம். உடற்குறையுடையோர்க்குத் தரும் சம்பளத்திற்கு வருமான வரியில் இருமடங்குக் கழிவு பெறும் சலுகை 1982 முதல் உண்டு. ஆளில்லை, ஆளில்லை என்று முடிதிருத்தகத்தாரும் துணிக்கடையாரும் நகைத் தொழிலாரும் பல ஆண்டுகள் அரசை வேண்டி நின்றதன் பயனாக, 2023இல் அம்மூன்று தொழில்களுக்கும் 7,500 வெளிநாட்டுத் தொழிலாளரைத் தருவிக்க அரசு இசைந்தது. கடல் கடந்து வந்து உழைப்பவரைக் குறைசொல்வதற்கில்லை; இம்மண்ணின் தமிழர் அனைவரும் அவ்வாறு வந்தவரின் வழியினரே. ஆயினும் தம் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் வேலையின்றிச் சுவரைப் பார்த்திருக்கும் இளைஞனை ஒருமுறையேனும் எண்ணிப்பார்த்த பின்னரா அவ்வேண்டுகோளில் கையொப்பமிட்டனர்?

தோட்ட வாழ்வில் பேசாதவனுக்கும் ஒரு வேலை இருந்தது. புல் வெட்டவோ மாடு மேய்க்கவோ போனான். அது கருணையன்று, கைகளை எண்ணிக் கூலி கணக்கிட்ட முறை. இருந்தும் அவனுக்கு விடிந்தால் போவதற்கோர் இடம் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் குடும்பங்கள் பெயர்ந்தபோது அவன் பூட்டிய கதவுக்குப் பின்னே ஒதுங்கினான்.

வேண்டுவன பெருஞ்செலவு ஏற்படுத்துபவை அல்ல. நேர்காணலுக்கு மாற்றாக மூன்று நாள் வேலை பார்க்கவிட்டுச் சோதிக்கலாம். நால்வர் நாற்புறமிருந்து ஏவாமல் ஒருவரே ஏவலாம், அதையும் தாளில் எழுதித் தரலாம். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒலிபெருக்கிகள் ஒன்றோடொன்று போட்டியிடுகையில், அத்தகைய ஊழியரைக் கடைமுகப்பில் நிறுத்தாமல் உள்ளறையில் சேலைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டவிடலாம். இயலும் என்பதற்குச் சான்று அயலில் உண்டு. கமுடா நிறுவனம் 2013இல் தொடங்கி ஆட்டிசமுடையோரைத் தன் அலுவலகங்களில் அமர்த்தியது. 2016இல் முகமட் அட்லி யாஹ்யா என்னும் தந்தை, தம் மகனைப் போன்ற இளைஞர் உழைப்பதற்கென்றே ஓர் உணவகம் கண்டார். ஒரு தந்தை கடை திறந்தால்தான் மகனுக்கு வேலை என்றால், கடை திறக்க வழியற்ற தந்தையரின் பிள்ளைகள் என்செய்வர்?

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. எந்தப் பிள்ளையையும் திருப்பியனுப்பலாகாது என்னும் கொள்கையைக் கல்வியமைச்சு 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உள்ளே வந்த பிள்ளையை ‘மக்கு’ என்று மூலையில் இருத்தினால் அக்கொள்கை வருகைப் பதிவேட்டோடு நின்றுவிடும். பள்ளியை விட்டுச் செல்லும் மாணவனுக்கு எழுதப்படும் நற்சான்றிதழைப் பார்த்தால் போதும்: ‘அமைதியானவன், அடக்கமானவன்.’ எந்த முதலாளிக்கு இது பயன்படும்? எண்களைப் பிழையின்றிப் படியெடுப்பான். மூன்று ஏவல்களை ஒருங்கே வாயால் சொன்னால் குழம்புவான், எழுதித் தந்தால் மூன்றையும் முடிப்பான். மணியோசை திடீரென ஒலித்தால் அஞ்சுவான், முன்னரே சொல்லிவைத்தால் பொறுப்பான் - இவ்வாறு ஆசிரியர் எழுதித் தரட்டும். அத்தாளைப் படிக்கும் கடைக்காரர், திங்கட்கிழமை காலையில் அவனை எங்கே அமர்த்துவது, முதல் வேலையாக எதைக் கையில் தருவது என்று அறிந்திருப்பார்.