கொலைக் கதையும் சீட்டுக்கட்டும்

கொலைக் கதைகளுக்கு இன்று ஏகக் கிராக்கி. எங்கள் படிப்பகத்துக்கு வரும் வாலிபர்கள்கூட செல்போனும் காதுமாக உட்கார்ந்து, எந்த ஊரிலோ யாரோ யாரையோ கொன்ற கதையை மணிக்கணக்கில் கேட்கிறார்கள். கேட்கட்டும். நானும் அந்த வயதில் துப்பறியும் நாவலைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துவைத்துப் படித்தவன்தான். ஆனால், அந்தக் கதையை முதன்முதலில் சொன்னது யார்? பெரும்பாலும் போலீஸ். போலீஸ் சொன்னதை நிருபர் எழுதினார்; நிருபர் எழுதியதை இவர்கள் பின்னணி இசை சேர்த்து விற்கிறார்கள். அவ்வளவுதான்!

போலீஸ் சொன்ன கதையைத் திரும்ப விசாரித்த நிருபர்களும் உண்டு. பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள்.

1974 நவம்பர் 21ந் தேதி இரவு பர்மிங்காம் நகரில் இரண்டு மதுச்சாலைகளில் குண்டு வெடித்தது. 21 பேர் மாண்டார்கள். ஈவிரக்கமற்ற படுகொலை அது. இதில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. எட்டே நாளில் பயங்கரவாதத் தடைச் சட்டம் பிறந்தது. அதற்குள் குற்றவாளிகளும் 'அகப்பட்டு' விட்டார்கள். பிழைப்புத் தேடி வந்து பர்மிங்காமில் குடியேறியிருந்த ஆறு ஐரிஷ்காரர்கள்! அவர்களில் ஐந்து பேர் அன்றிரவு பெல்பாஸ்டுக்கு ஒரு சவ அடக்கத்துக்காகப் புறப்பட்டிருந்தார்கள். இறந்தவன் குண்டு வைக்கப் போய் அது வெடித்துச் செத்தவன். சந்தேகம் எழுந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் சந்தேகத்தை ருசுவாக்கிய விதம்தான் அக்கிரமம். அடித்து உதைத்து நான்கு பேரிடம் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இருவர் கையில் வெடிமருந்து ஒட்டியிருந்ததாக சர்க்கார் நிபுணர் சாட்சி சொன்னார். 1975 ஆகஸ்டில் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை.

பத்து வருஷம் கழித்து, 1985ல், கிரனடா டெலிவிஷனின் 'வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்' நிகழ்ச்சிக்காக அந்தச் சோதனையையே மறுபடி செய்து பார்த்தார்கள். பழைய சீட்டுக்கட்டைக் கலைத்துப்போட்ட கையும் அதே முடிவைக் காட்டியது! சீட்டின் மேற்பூச்சில் உள்ள ரசாயனம் செய்த வேலை அது. அன்று ரயிலில் அந்த ஐவரும் சீட்டாடிக்கொண்டு போனவர்கள்.

இதில் முன்னின்று உழைத்த நிருபர் கிறிஸ் முல்லின். 1986ல் புத்தகமாகவும் எழுதினார். அதோடு நிற்கவில்லை, உண்மையில் குண்டு வைத்தவர்களையே தேடிப்போய்ப் பேச வைத்தார். பெயரை வெளியிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அவருக்குக் கிடைத்த பரிசு? ஒரு பெரிய லண்டன் தினசரி அவரைப் பைத்தியக்கார எம்.பி. என்று தலைப்புப் போட்டு ஏசியது. நீதிபதிகள் மட்டும் சளைத்தவர்களா? இந்த ஆறு பேர் சொல்வது மெய்யானால் போலீஸ் பொய் சொன்னதாக ஆகிவிடும், அது பயங்கரமான காட்சி என்று சொல்லியே 1980ல் டென்னிங் பிரபு இவர்கள் வழக்கைத் தள்ளினார். 1988ல் அப்பீலும் தள்ளுபடி. 1991 மார்ச் 14ந் தேதிதான் ஆறு பேரும் வெளியே வந்தார்கள். பதினாறு வருஷம் போயிற்று!

கதை சொல்லி விற்பவர்கள் இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். விஷயம் முடியவில்லை. முல்லினிடம் ஒப்புக்கொண்ட ஒருவனின் அடையாளத்தைக் கேட்டு போலீஸ் கோர்ட்டுக்குப் போயிற்று. 2022 மார்ச்சில் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆறு நிரபராதிகள்மீது பொய்யைச் சுமத்திய அதே போலீஸ் இலாகா, நிருபரின் குறிப்பேட்டைப் பிடுங்க வந்ததைப் பார்த்தீர்களா!

ஆனால் போலீஸ் மட்டும் அதைக் கேட்கவில்லை. செத்த 21 பேரின் குடும்பத்தாரும் கேட்டார்கள். அந்தக் கொலைகளுக்காக உண்மைக் குற்றவாளி ஒருவன்கூட இதுவரை தண்டிக்கப்படவில்லை. வாக்கைக் காப்பாற்றியிராவிட்டால் நாளை எந்த நிருபரிடமும் எவனும் வாய் திறக்க மாட்டான். ஆகவே முல்லின் செய்தது சரி என்பதே என் கட்சி. எனினும், அன்றிரவு மகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் எதிரில் உட்கார்ந்து இதைச் சொல் என்றால், எனக்கு நா எழாது.