காலின்மை ஓர் அடையாளம் அன்று

கால் இல்லை, நெளிந்து ஊர்கிறது: ஓர் உயிரைப் பாம்பென்று முடிவுகட்டி அடித்துக் கொல்ல இவ்விரண்டும் போதுமானவையாக இருக்கின்றன. இதைத் திருத்த முனைவோர் ஓர் எளிய சூத்திரத்தைச் சொல்கின்றனர்: இமையும் செவித்துளையும் இருந்தால் பல்லி, இல்லையேல் பாம்பு. நோக்கம் நன்று, சூத்திரம் பாதியே உண்மை.

வடகிழக்கு இந்தியாவிலும் டார்ஜிலிங் மலைகளிலும் வாழும் காலற்ற பல்லியான டோபேசியா கிராசிலிஸுக்கு அது பொருந்தும். அசையும் இமை, செவித்துளை, உடலின் இருமருங்கும் நெடுக ஓடும் தோல்மடிப்பு, எளிதில் முறியும் நீண்ட வால் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். நிக்கோபார்த் தீவுகளில் வாழும் டிபாமஸிடம் அதே சூத்திரம் பொய்க்கிறது. அதன் கண்களைச் செதில் மூடியிருக்கிறது, வெளிச்செவித்துளை இல்லை. ஆயினும் அது பல்லியே. ஆணுக்கு மடல் போன்ற சிறு பின்னங்கால்கள் எஞ்சியுள்ளன. வயிற்றில் அகன்ற செதில்கள் இருந்தால் மட்டுமே பாம்பு என்றாலும் இடர் தீராது. புழுப்பாம்புகளுக்கு அவை இல்லை.

மண்ணுக்குள் வாழும் வாழ்க்கை பல குலங்களில் தனித்தனியே கால்களை இழக்கச் செய்தது. ஆதலால் தோற்ற ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. ஒரே சொல்லின் வேறுபாட்டைக் கொண்டு இரு வட்டார வழக்குகளுக்கு எல்லை வகுப்பதில்லை. பல வேறுபாடுகள் ஓரிடத்தில் குவிய வேண்டும். உயிரினங்களுக்கும் இதுவே நெறி.

ஒரே பேரினத்துக்குள் இச்சிக்கல் மேலும் நுண்மையாகிறது. ஐரோப்பாவின் ஆங்குவிஸ் பேரினத்தில் இன்று ஐந்து சிற்றினங்கள் ஏற்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவதில் மரபணு ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. செவித்துளை, செதில் எண்ணிக்கை, நீலப்புள்ளி போன்ற புறக்குறிகள் சிற்றினங்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன.

நம் கிழக்குக் கடற்கரையின் காலற்ற அரணைகளிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. பார்க்குடியா இன்சுலாரிஸை ஒடிசாவின் சிலிக்கா ஏரியிலுள்ள பார்க்குடா தீவிலிருந்து நெல்சன் அன்னண்டேல் 1917-இல் விவரித்தார். அதன் உறவான மெலனோஸ்டிக்டா விசாகப்பட்டினப் பகுதிக்குரியது. ‘சிலிக்காவில் கண்டது, ஆகவே இன்சுலாரிஸ்’ என இடத்தை மட்டும் வைத்துப் பெயரிட்டால், அச்சிற்றினம் உண்மையில் எங்கெங்கு வாழ்கிறது என்பது ஒருபோதும் தெரியவராது; எதை நிறுவ வேண்டுமோ அதையே சான்றாக்கிவிடுகிறோம். குறுகிய பரப்பில் வாழும் உயிருக்கு ஒரு தவறான பதிவும் கேடு. ஏட்டில் அதன் பரப்பு விரியும், பாதுகாக்கும் முனைப்பு தளரும்.

ஆகவே பெயர் சொல்வோர் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். தலையின் பக்கவாட்டுத் தோற்றம், வயிற்றுச் செதில், வால், கண்ட இடம் ஆகிய நான்கும் பதிவாக வேண்டும். அவை போதாதபோது பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வது அறியாமை அன்று, நேர்மை. பெயர் தெரியாத உயிரைக் கொல்லாமல் விடுவதற்கோ எந்தச் சூத்திரமும் தேவையில்லை.