வெள்ளிக் கம்பியா, மண்பானையா?

ஆரணிப் பட்டுப்புடவையின் முந்தானை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சரிகை இழையை எடுத்து, நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். வீட்டில் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. மேலே மின்னுவது பொன் முலாம். அதன் கீழே இருப்பது மெல்லிய வெள்ளித் தகடு. தகட்டைப் பிரித்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். அசல் சரிகையின் அமைப்பு இதுதான். வெறும் உலோகக் கம்பியாக இருந்தால் புடவையைச் சில முறை மடித்ததுமே ஒடிந்துவிடும். நூலின்மேல் சுற்றியிருப்பதால் அது துணியோடு துணியாய் வளைந்து கொடுக்கிறது.

இனி, பழைய ஸ்பீக்கர் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். இரும்புச் சட்டத்தில் உள்ள இரண்டு முனைகளிலிருந்து காகிதக் கூம்புக்கு இரண்டு மெல்லிய பின்னல் கம்பிகள் செல்வதைக் காண்பீர்கள். பாட்டு ஒலிக்கும்போது கூம்பு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அதோடு இந்தக் கம்பிகளும் ஆட வேண்டும். ஆனால் ஒடியக் கூடாது. சாதாரணச் செம்புக் கம்பி இதற்குத் தாங்காது. ஆகவே நூலிழையின்மேல் மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றி, அத்தகைய இழைகள் பலவற்றைப் பின்னி இதைச் செய்கிறார்கள். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியின் நெசவாளர் எவரிடமாவது இதைக் காட்டினால், “இது சரிகைதானே!” என்று சொல்லிவிடுவார். உச்ச ஒலிகளை எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்கள் பலவற்றில், அதிரும் குமிழே பட்டுத் துணியால் ஆனது என்று சொன்னால் இன்னும் மகிழ்ச்சியடைவார்.

சரிகை வாங்கும்போது சுரண்டிப் பார்க்கத் தெரிந்த நாம், ஸ்பீக்கருக்குக் கம்பி வாங்கும்போது ஏன் அப்படிச் செய்வதில்லை என்பதே என் கேள்வி.

உங்களில் சிலர் வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்துவருகிறீர்கள். சென்னை ரிச்சித் தெருவிலிருந்து யாராவது ஒரு ஸ்பீக்கரையும் சின்ன ஆம்ப்ளிஃபயர் பலகையையும் வாங்கி வந்து தருகிறார்கள். பெட்டியை முடித்துக் கேட்கிறீர்கள், மனம் நிறைவதில்லை. உடனே ஒருவர் வந்து, “கம்பியை மாற்று. வெள்ளி பூசிய கம்பி போட்டால் ஒலி அப்படியே தெளிந்துவிடும்” என்கிறார். சேர்த்து வைத்த பணம் முழுவதும் அந்தக் கம்பிக்குப் போகிறது. இது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை ஓம் விதியே சொல்லும்.

வீட்டு மின்இணைப்புக்குப் பயன்படும் 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை, ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால் மின்னோட்டம் போகவும் திரும்பவும் 10 மீட்டர் கம்பி வேண்டும், தடை 0.17 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். ஆக, கம்பியில் இழக்கும் மின்னழுத்தம் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஒலியளவில் இது 0.2 டெசிபலுக்கும் குறைவு. காது சாதாரணமாகக் கண்டுகொள்ளும் மாற்றம் ஏறத்தாழ 1 டெசிபல். இப்போது செம்பை எடுத்துவிட்டு முழுவதும் வெள்ளிக் கம்பியே போடுங்கள். வெள்ளி செம்பைவிட நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது. 0.17 ஓம் 0.16 ஓம் ஆகும். அவ்வளவுதான்! செம்புக் கம்பியைக் கொஞ்சம் கனமாக வாங்கினால் இதே பயன் சில ரூபாயில் கிடைக்கும்.

ஆனால் “கம்பி எதுவானாலும் ஒன்றுதான்” என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அதே 10 மீட்டருக்கு 0.2 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய கம்பியைப் போட்டால் தடை 0.86 ஓம் ஆகிறது. 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் மின்னழுத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கம்பியிலேயே போய்விடும். இது காதுக்குத் தெரியும். கனம் முக்கியம், விலையும் பளபளப்பும் அல்ல.

கம்பி உண்மையிலேயே பெரிய பிரச்சினை ஆகும் இடம் ஒன்று உண்டு. அது உங்கள் அறையல்ல, ஊர்த் திருவிழா. மேடையிலிருந்து 300 மீட்டர் தள்ளி ஒரு ஒலிபெருக்கியைக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவர 600 மீட்டர். தடை 10 ஓமுக்கு மேல். 8 ஓம் ஒலிபெருக்கியை நேரடியாக இணைத்து 20 வாட் அனுப்ப முயன்றால், அதற்குப் போய்ச் சேருவது 4 வாட்டுக்கும் குறைவு. கம்பி அதைவிட அதிகமாக விழுங்கிவிடும். இதற்காக மைக் செட்காரர்கள் வெள்ளிக் கம்பியா வாங்குகிறார்கள்? இல்லை. அவர்களுடைய ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட் முனை ஒன்று இருக்கிறது. ஒலிபெருக்கியோடு ஒரு சிறு மின்மாற்றியை இணைத்துவிடுகிறார்கள். 100 வோல்ட்டில் 20 வாட் அனுப்ப 0.2 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாவது அரை வாட்டுக்கும் குறைவு. மின்வாரியத்தின் உயர்ந்த கோபுரங்கள் செய்யும் வேலையும் இதுதான். மைக் செட்காரரிடம் பாடநூலில் இல்லாத இயற்பியல் நிறைய இருக்கிறது. அடுத்த திருவிழாவில் அவர் அருகே போய் நின்று கவனியுங்கள்.

பணத்தையும் உழைப்பையும் வேறு எதில் போடுவது? பெட்டியில்தான். இங்கே எனக்குப் பிடித்த உதாரணம் மண்பானை.

முன்பெல்லாம் டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் ஒரு மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி மூலையில் வைத்திருப்பார்கள். உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். பலர் அதை ஏழையின் பெட்டி என்று நினைத்தார்கள். உண்மையில் அது நல்ல அறிவியல். கூம்பு முன்னே வரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று விரிகிறது. வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக் கேட்டால், கனத்த ஒலிகளில் இந்த இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால்தான் பாட்டு தகரத்தில் தட்டியதுபோல் ஒலிக்கிறது. 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், இன்று நாம் பயன்படுத்தும் வகை ஸ்பீக்கரைப் பற்றி எழுதியபோதே, முன்னொலியையும் பின்னொலியையும் பிரித்து வைக்கும் தடுப்பு தேவை என்பதை அறிந்திருந்தார்கள். பானை அந்தத் தடுப்பு. அதன் சுவர் வளைந்திருப்பதால் விறைப்பு அதிகம். தட்டையான மெல்லிய பலகையைப்போல் எளிதில் நடுங்குவதில்லை.

பானைக்கும் ஒரு குறை உண்டு. உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போல் கூம்பைத் தள்ளுகிறது. பானை சிறியதாக இருந்தால் வில் விறைத்துவிடும். காற்றின் விறைப்பு, ஸ்பீக்கரின் சொந்த விறைப்பைப்போல் மூன்று மடங்கு என்று கொள்வோம். மொத்த விறைப்பு நான்கு மடங்கு ஆகிறது. இயல்பு அதிர்வெண் அதன் வர்க்கமூலப்படி இரண்டு மடங்கு ஆகும். 80 ஹெர்ட்ஸில் அதிர வேண்டியது 160 ஹெர்ட்ஸில் அதிரும். தவில் ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒரே சுருதியில் ‘பும் பும்’ என்று கேட்பது இதனால்தான்.

இதைச் சரிசெய்யும் வேலையில்தான் உங்கள் மாலை நேரங்கள் போக வேண்டும். பானையில் தண்ணீர் ஊற்றி எத்தனை லிட்டர் கொள்கிறது என்று அளந்து குறியுங்கள், நன்றாகக் காயவிடுங்கள். இன்னும் பெரிய பானையில் அதே ஸ்பீக்கரை வைத்துக் கேளுங்கள். உள்ளே இலவம்பஞ்சையோ, தறி வீட்டில் கிடைக்கும் நூல் கழிவையோ தளர்வாக இட்டுப் பாருங்கள். கூம்பைத் தொடக் கூடாது. பானை வாய்க்கும் சட்டத்துக்கும் நடுவே பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி வைத்தால் காற்று கசியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒலி எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் நீங்களே வியப்படைவீர்கள். பெட்டியின் அளவைச் சூத்திரத்தால் கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் 1961-ல் வெளியிட்டார். 1970-களில் ஸ்மால் என்பவர் அதை விரிவாக்கினார். அதற்கு முன் பெரும்பாலும் எல்லோரும் உங்களைப்போல் செய்து பார்த்துத்தான் கற்றார்கள்.

ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதில் அவ்வளவு மர்மம் இல்லை. ஆம்ப்ளிஃபயர் பலகைக்கு எத்தனை ஓம் வரை இறங்கலாம் என்று விவரத்தாளில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்க இணைப்பில் வைத்தால் 4 ஓம். நான்கை வைத்தால் 2 ஓம். “இன்னொன்று சேர்த்தால் இன்னும் சத்தம் வரும்” என்ற ஆசையில் எரிந்துபோன பலகைகள் ஏராளம். மல்டிமீட்டரில் அளக்கும்போது 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஏழு என்று காட்டினால் பயப்பட வேண்டாம். அது நேர்மின்னோட்டத் தடை. 8 என்பது மாறுமின்னோட்டத்துக்கு உரியது.

வாட் கணக்கிலும் ஏமாறாதீர்கள். ஒலி இருமடங்காகக் காதுக்குத் தோன்ற, ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். பெட்டியில் ஆயிரம் வாட் என்று அச்சிட்டுவிட்டு, பின்னால் 40 வாட் எடுக்கும் மின்இணைப்பை வைத்த கருவிகளும் கடைகளுக்கு வந்ததுண்டு. உள்ளே போகாத மின்சாரம் வெளியே எப்படி வரும்?

இரண்டு ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்குக் காசில்லாத ஒரு சோதனை. 1.5 வோல்ட் பேட்டரி செல்லை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொடுங்கள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து முன்பே கழற்றிவிட வேண்டும். கூம்பு வெளியே துள்ளினால் செல்லின் நேர்முனை தொட்டதே ஸ்பீக்கரின் நேர்முனை. சிவப்பு மையால் குறியுங்கள். இரண்டில் ஒன்று தலைகீழாக இணைந்திருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கனத்த ஒலி காணாமற்போகும். விலையுயர்ந்த கம்பிக்கு மாறியதும் ஒலி கனத்தது என்று ஒருவர் சொன்னால், பழைய இணைப்பில் முனைகள் மாறியிருந்தனவா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

அப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. பணம் கொடுத்தவர் காது, மாற்றத்தைக் கேட்க விரும்புகிறது, கேட்டும்விடுகிறது. ஆகவே காதைச் சோதிப்பதற்கு முன் கண்ணை மறையுங்கள். ஒரே கனமும் நீளமும் உள்ள இரண்டு கம்பிகள். ஒன்று சாதாரணம், மற்றது உயர்ந்த விலை. நண்பர் ஒருவர் திரைக்குப் பின்னால் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் மற்றது என்று மாற்றட்டும். நீங்கள் கேட்டு, எது என்று எழுதுங்கள். பத்து முறை செய்யுங்கள். பத்தில் எட்டோ அதற்கு மேலோ சரியாக வந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். வெறும் ஊகத்திலேயே ஏறத்தாழ பதினெட்டு பேரில் ஒருவருக்கு அப்படி வரும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு ‘தங்கக் காதுகள்’ கிடைத்துவிடுவார்கள்! அவர்களை மட்டும் மறுநாள் மீண்டும் உட்கார வையுங்கள். பத்துக்குப் பத்து என்பது ஊகத்தில் 1024-க்கு ஒரு முறைதான்.

மறுநாளும் ஒருவர் பத்துக்குப் பத்து சொல்லிவிட்டால்? இரண்டு கம்பிகளின் தடையையும் அளந்து பாருங்கள். முனைகளைச் சுரண்டிப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். செருகி தளர்ந்திருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அவர் மூன்றாம் நாளும் பத்துக்குப் பத்து சொன்னால், கம்பியின் நீளம், கனம், ஸ்பீக்கரின் ஓம் எல்லாவற்றையும் எழுதிய குறிப்பேட்டை இந்த இதழுக்கு அனுப்பிவையுங்கள். அதைச் சரிபார்க்க நானே ஆரணிக்கு பஸ் ஏறுகிறேன்.